‘சத்துமாவு பற்றி எழுது’ என்றால் போதுமா?

அசோக் நகரில், தூணுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. அங்கே வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகையும் கம்பையும் முளைகட்டி, உலர்த்தி, ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக வறுத்து, மாவு மில் திறந்த கையோடு முதல் ஆளாகப் போய் அரைத்து வருகிறார். மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்து இவருடையதைப் போட்டால் மாவில் காரம் ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வாடிக்கையாளர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவர்கள்தான். அபார்ட்மென்ட் குரூப், மகளோடு பள்ளியில் படித்த பெண்களின் அம்மாக்கள், அவர்கள் சொல்லி வந்த இன்னும் சிலர்.

கல்லூரிக்குப் போகும் மகள் ஒருநாள் ஆரம்பிக்கிறாள். “அம்மா, கூகுள்ல தேடுனா நம்ம மாவு வரணும்மா. ஒரு பிளாக் போடலாம். எழுதறதை ஏ.ஐ. பாத்துக்கும்.”

“அதுக்கு என் மாவைப் பத்தி என்னடி தெரியும்?”

அம்மா சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார். மகளும் அதைக் காதில் வாங்கவில்லை. சாட்ஜிபிடியைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டுகிறாள்: ‘அசோக் நகர் சத்துமாவு பற்றி எஸ்.இ.ஓ. கட்டுரை எழுது.’

அரை நிமிடத்தில் மளமளவென்று ஒரு கட்டுரை வந்துவிடும். இதை முயன்று பார்த்தவர்களுக்கு, அது எப்படித் தொடங்கும் என்றுகூடத் தெரியும். ‘இன்றைய வேகமான உலகில் ஆரோக்கியம் மிகவும் முக்கியமான ஒன்றாகும்...’ பிறகு நன்மைகள் பத்து. பிறகு செய்முறை. முடிவில், ‘எனவே சத்துமாவை உங்கள் அன்றாட உணவில் சேர்த்து ஆரோக்கியமாக வாழுங்கள்.’ எழுத்துப்பிழை இருக்காது. சொந்தச் சரக்கும் இருக்காது.

இதில் ஏ.ஐ.யைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிய இயந்திரம். ஒரு வரி கொடுத்தால், அந்த விஷயத்தில் எல்லாரும் எழுதியதன் சராசரியைத் திருப்பிக் கொடுக்கும். அசோக் நகர் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே!

எந்த அசோக் நகர்?

முதல் குழப்பம் ஊர்ப் பெயரிலேயே காத்திருக்கிறது. பெங்களூரில் ஓர் அசோக் நகர் உண்டு. ஹைதராபாத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த அசோக் நகர் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் அசோக்நகர் என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. அதுவும் எதற்குப் பெயர் போனது தெரியுமா? ஷர்பதி கோதுமைக்கு! ‘அசோக் நகர் மாவு’ என்று மொட்டையாகக் கேட்டால், நம்ம ஊர் கேழ்வரகு மாவுக் கட்டுரைக்குள் மத்தியப் பிரதேசக் கோதுமை வயல் புகுந்துவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ‘சென்னை, அசோக் நகர், 600083, மெட்ரோ நிலையம் அருகில்’ என்று பிராம்ப்டில் ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னை என்று தெரிந்த பிறகும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வழி சொல்லச் சொன்னால் ‘உதயம் தியேட்டர் அருகில்’ என்று எழுதி, படம் பார்த்துவிட்டு அப்படியே மாவு வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட யோசனை சொல்லலாம். 1983-ல் தொடங்கி ஒரு தலைமுறைக்கே அடையாளமாக இருந்த உதயம் வளாகம் 2024-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய பக்கங்கள் மட்டும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. ஏ.ஐ. அவற்றைப் படித்துத்தான் பேசுகிறது. தெருவில் நடப்பவருக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது.

கூகுள் என்ன சொல்கிறது?

‘ஏ.ஐ. எழுதினால் கூகுள் தண்டிக்கும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பாதி உண்மை. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் நிலையைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எப்படி எழுதப்பட்டது என்பதைவிட, வாசிப்பவருக்குப் பயன்படுகிறதா என்றுதான் பார்க்கும். ஆனால், தேடலில் முன்னால் வருவதற்காகவே இயந்திரத்தை வைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினால் அது விதிமீறல். 2024 மார்ச்சில் இந்த விதியை இன்னும் இறுக்கியது. மொத்தமாக உற்பத்தி செய்த சத்தற்ற பக்கங்களைக் குறிவைத்து அப்போது செய்த மாற்றங்களால், தரம் குறைந்த, சொந்தச் சரக்கில்லாத பக்கங்கள் தேடலில் 45 சதவீதம் குறைந்திருப்பதாகப் பிறகு அறிவித்தது.

அதற்கும் முன்பே, 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் கூகுள் ஒரு புதிய அளவுகோலைச் சேர்த்தது: அனுபவம். எழுதியவர் அந்தப் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறாரா, அந்த இடத்துக்குப் போயிருக்கிறாரா, அந்த வேலையைச் செய்திருக்கிறாரா? மாடியில் கம்பு காய வைத்த அம்மாவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

மகள் எங்கேயாவது கேட்டிருக்கக்கூடிய சில பழைய நம்பிக்கைகளையும் இங்கேயே கழித்துவிடலாம். கட்டுரை 1,500 சொல் இருந்தால்தான் கூகுள் மதிக்கும் என்பார்கள். அப்படி எந்த அளவும் கிடையாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பக்கத்தின் பின்னணியில் கீவேர்டு பட்டியல் போட வேண்டும் என்பார்கள். அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள். ‘சத்துமாவு’ என்ற சொல்லைப் பத்திக்கு நாலு தரம் நுழைப்பதால் வாசகர் ஓடிப்போவதுதான் நடக்கும்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. தேடினால் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. சுருக்கமாகப் பதில் சொல்லும் வசதி 2024 ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கும் வந்தது. ‘கேழ்வரகின் நன்மைகள்’ போன்ற பொதுவான கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால், யார் உள்ளே வந்து படிப்பார்கள்? இனி ஒரு சின்ன பிளாக்குக்கு ஆள் வர வேண்டுமென்றால், வேறெங்கும் கிடைக்காத ஒன்று அதில் இருக்க வேண்டும்.

ஆபத்தான வரிகள்

சலிப்பூட்டும் கட்டுரையால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை, படிக்காமல் விட்டுவிடலாம். தப்பான கட்டுரையின் கதை வேறு. சிநெட் என்ற பிரபலமான அமெரிக்க தொழில்நுட்பத் தளம், பணம் பற்றிய விளக்கக் கட்டுரைகளை ஏ.ஐ.யை வைத்து எழுதிப் பார்த்தது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் ‘சம்பாதிக்கலாம்’ என்று ஒரு கட்டுரையில் இருந்தது. வட்டி 300 டாலர்தான் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். தொழில்முறை ஆசிரியர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி!

சத்துமாவுக் கட்டுரையில் இந்த மாதிரித் தவறு வந்தால் அது கணக்கோடு நிற்காது. மகள் வாங்கிய முதல் வரைவில் இப்படி மூன்று வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்.’ ‘6 மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம்.’ ‘குழந்தைக்குத் தேன் கலந்து ஊட்டுங்கள்.’ மூன்றும் இணையத்தில் எங்கெங்கோ கிடக்கும் வரிகள்தான். அதனால்தான் ஏ.ஐ.யின் வாயிலும் எளிதாக வந்துவிடுகின்றன.

முதல் வரியை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால்? அது போக, உணவுப் பொருளைத் தவறாக விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மூன்றாவது வரி இன்னும் மோசம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் வரிதான் பலருக்குத் தெரியாத விஷயம். ‘6 மாதக் குழந்தைக்குச் சத்துமாவு’ என்பது இளம் தாய்மார்கள் ஆசையாகத் தேடும் கேள்வி. எந்த எஸ்.இ.ஓ. ஆலோசகரைக் கேட்டாலும் அதைத் தலைப்பில் போடச் சொல்வார். ஏ.ஐ.யும் அதைத்தான் சொல்லும். ஆனால் தாய்ப்பாலுக்குத் துணையாக, 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று விற்கும் எந்த உணவையும் விளம்பரம் செய்ய நம் நாட்டில் தடை இருக்கிறது. 1992-ல் வந்து, 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் அது. மீறினால் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. கீழே ஆர்டர் நம்பர் போட்டு எழுதும் பிளாக் பதிவு விளம்பரமாகவே பார்க்கப்படலாம். ஆக, அதிகம் பேர் தேடக்கூடிய அந்தச் சொல்லைத்தான் இந்த அம்மா தொடவே கூடாது. ‘எஸ்.இ.ஓ. கட்டுரை எழுது’ என்ற ஒரு வரி பிராம்ப்டுக்கு இது எப்படித் தெரியும்?

முதலில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

சரி, வேறு எப்படித்தான் கேட்பது? ஒரு எளிய வழி, எழுதச் சொல்லாமல் பேட்டி எடுக்கச் சொல்வது. மகள் இப்படித் தட்டலாம்:

‘என் அம்மா சென்னை அசோக் நகரில் (600083) வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்கிறார். அவருடைய பிளாக்குக்கு ஒரு பதிவு வேண்டும். இப்போது எதுவும் எழுதாதே. முதலில் அவரிடம் ஒவ்வொன்றாகப் பத்து கேள்வி கேள். மற்ற இடங்களில் கிடைக்காத, அவர் கையால் செய்து தெரிந்துகொண்ட விஷயங்களை வெளியே கொண்டுவரும் கேள்விகளாக இருக்கட்டும். பதில் மேலோட்டமாக இருந்தால் துருவிக் கேள்.’

பதிலை டைப் செய்ய வேண்டாம். கீபோர்டில் மைக் பட்டனைத் தட்டிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தால் போதும், அவர் பேச்சு தமிழிலேயே எழுத்தாகிவிடும். அங்கங்கே சொல் பிசகும், பிறகு திருத்திக்கொள்ளலாம். அம்மா எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். பேசச் சொன்னால் நிறுத்தமாட்டார். எந்த அம்மாதான் நிறுத்துவார்?

பேட்டி முடிந்த பிறகுதான் எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு முன், ஆட்கள் உண்மையில் எப்படித் தேடுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் பார்த்துவிடுவது நல்லது. கூகுளில் ‘சத்துமாவு’ என்று தட்டி நிறுத்தினால், கீழே அதுவே சில தேடல்களை நீட்டும். முடிவுகளுக்கு நடுவே, மற்றவர்கள் கேட்ட கேள்விகள் பெட்டியாக வரும். சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும், ‘சத்து மாவு’ என்று பிரித்தும் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நிறைய. அதிலும் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். ‘ஹெல்த் மிக்ஸ்’ என்று தேடுபவர்கள் தனி. இந்தச் சொற்களை ஏ.ஐ.யைக் கற்பனை செய்யச் சொல்லக் கூடாது. அது கேட்டதும் ஒரு பட்டியல் போட்டு, மாதம் இத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விழிக்கும். கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசமாகவே இருக்கிறது. பிளாக் தொடங்கிய பிறகு சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில், எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்பதும் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் ‘சத்துமாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்’ என்ற கேள்வி கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வது. ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி போதும். இப்போது இரண்டாவது பிராம்ப்ட்:

‘அம்மா சொன்ன பதில்களை மட்டும் வைத்து எழுது. படிப்பவர், முதல்முறையாகச் சத்துமாவு வாங்கி எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத, வேலைக்குப் போகும் ஒருவர். அவர் தேடியது: சத்துமாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும். முதல் இரண்டு வரியிலேயே அதற்குப் பதில் வேண்டும். காரணம் பிறகு வரட்டும். துணைத்தலைப்புகள் ஆட்கள் கேட்கும் கேள்விகளாகவே இருக்கட்டும். எந்த நோயும் குணமாகும் என்று எழுதாதே. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதாதே. அம்மா சொல்லாத எண், ஆய்வு, வாடிக்கையாளர் பாராட்டு எதையும் சேர்க்காதே. தகவல் போதாத இடத்தில் “அம்மாவிடம் கேட்கவும்” என்று எழுதி நிறுத்து. இதற்குத் தேவையான நீளம் போதும்.’

வாடிக்கையாளர் பாராட்டைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. சொல்லாவிட்டால், இல்லாத ஒரு வாடிக்கையாளருக்குப் பெயர் வைத்து, மயிலாப்பூரில் குடிவைத்து, மேற்கோள்குறிக்குள் பாராட்டு எழுதிவிடும் பழக்கம் ஏ.ஐ.க்கு இருக்கிறது. படிக்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய். அதேபோல, உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், முகவரி உள்ள வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே அதற்குள் கொட்டவும் கூடாது. அவர்கள் மாவு வாங்கத்தான் நம்பரைக் கொடுத்தார்கள்.

நடைக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘எளிய தமிழில் எழுது’ என்று சொன்னால் பெரும்பாலும் பலிப்பதில்லை. ‘இது ஒரு சிறந்த தேர்வாக இருக்கும்’ என்று மொழிபெயர்ப்பு வாடையோடுதான் வரும். அம்மா தன் குரூப்பில் போட்ட நாலைந்து செய்திகளை, நம்பர்களை நீக்கிவிட்டு, மாதிரியாகக் கொடுத்து ‘இந்த நடையில்’ என்று கேட்டால் எவ்வளவோ தேவலை. ‘மாவு ரெடி, நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க, டப்பா கொண்டு வந்தா நல்லது’ என்று எழுதுபவரின் பிளாக்கில் ‘ஆரோக்கியப் பயணத்தைத் தொடங்குங்கள்’ என்று வந்தால் அபார்ட்மென்ட்டே சிரிக்கும்.

வரைவு வந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி: ‘இதில் அம்மா சொல்லாமல் நீயாகச் சேர்த்த விஷயங்களைத் தனியாக எழுது.’ இது பல தவறுகளைப் பிடித்துக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், தன் தவறை அது தானே மறைப்பதும் உண்டு. கடைசியாக அம்மா ஒரு தரம் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டியதுதான். தலைப்பும், தேடலில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிச் சுருக்கமும் அதன் பிறகு கேட்டு வாங்கலாம். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் பக்கத்திலும் போட்டுவிடலாம். வீட்டில் தயாரித்து விற்றாலும் அந்தப் பதிவு கட்டாயம்தான்.

இனி அசோக் நகர் வீட்டுக்குத் திரும்பலாம். போன் அம்மா கையில் இருக்கிறது. மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாத் தானியத்தையும் பருப்பையும் வறுப்பீர்களா என்று ஏ.ஐ. கேட்டிருக்கிறது.

“எல்லாத்தையும் எதுக்கு வறுக்கணும்? பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதானே? அதை வெயில்ல காட்டினா போதும். திரும்ப வறுத்தா கசந்துடும்.”

‘வருடம் முழுவதும் இதே மாவு கிடைக்குமா?’ என்று அடுத்த கேள்வி.

அம்மா சிரிக்கிறார். “ஐப்பசி, கார்த்திகையில முளைகட்டின மாவு தரமாட்டேன். மெட்ராஸ் மழையில மாடியில எது காயும்? ஈரம் இருந்தா ஒரு வாரத்துல வாடை வந்துடும். அப்போ வறுத்த மாவுதான். வேணும்னா தை பொறந்ததும் வாங்கிக்கட்டும்.”

“அம்மா, இதை ஏம்மா இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலை?”

“யாருடி கேட்டா?”